சுமை வண்டியில் பண்ணைக் கைக்கருவிகளைப் பாதுகாப்பாக வைக்கும் முறை

மண்வெட்டி, களைக்கொத்து, கதிர் அரிவாள், கடப்பாரை, கோடரி, கரும்பு வெட்டும் கத்தி ஆகிய கைக்கருவிகள் இல்லாத பண்ணை எதுவும் இல்லை. எத்தனை இயந்திரங்கள் வந்தாலும் வரப்பு வெட்டவும், வாய்க்கால் திருப்பவும், மூலைமுடுக்கில் உள்ள கதிரை அறுக்கவும் இவற்றையே நாடவேண்டியிருக்கிறது. முன்னாளில் இக்கருவிகள் தோளில் ஏறி வரப்பு வழியே வயலுக்குச் சென்றன. வீட்டுக்கும் வயலுக்கும் இடையே கூப்பிடு தூரம்தான் இருந்தது. இன்று நிலை வேறு. நிலம் ஓர் ஊரிலும் வீடு மற்றோர் ஊரிலும் இருக்கிறது. நடவுக்கும் அறுவடைக்கும் ஆட்கள் 20, 30 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறார்கள். ஆகவே கருவிகளும் டிராக்டர் பெட்டியிலும், சுமை ஆட்டோவிலும், நம் மக்கள் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கும் சிறிய லாரியிலும் பயணம் செய்கின்றன.

கருவியைத் தீட்டி வைப்பதிலும் காம்பு போடுவதிலும் நாம் காட்டும் கவனத்தை அதை வண்டியில் ஏற்றும்போது காட்டுவதில்லை. வண்டி புறப்படும் அவசரத்தில் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வீசி எறிந்துவிட்டு, அவற்றின்மேல் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் ஆட்களும் ஏறி உட்கார்ந்துகொள்வதை எந்தக் கிராமத்துச் சாலையிலும் விடியற்காலையில் காணலாம். இப்பழக்கத்தால் ஏற்படும் தீங்குகளையும், அதிகச் செலவின்றி அவற்றைத் தவிர்க்கும் முறைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

கட்டாத கருவி எவ்வாறு ஆபத்தாகிறது?

ஓடும் வண்டியில் இருக்கும் பொருள் எதுவாயினும் வண்டியின் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி எதன்மீதாவது மோதித் திடீரென நின்றால் வண்டிதான் நிற்கும். கட்டப்படாத பொருள் நிற்காது. அது அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில் கிடக்கும் கருவி, அவ்வாறு பாயும்போது சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழும் கருவிக்குரிய வேகத்தைப் பெற்றிருக்கும். அதாவது, ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அருகிலான உயரத்திலிருந்து தலைமேல் விழுவதற்கு ஒப்பானது. வேகம் 60 கிலோமீட்டரானால் அந்த உயரம் 46 அடியாகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் தாக்கும் வலிமை இரண்டேகால் மடங்காகிறது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

ஒன்றேகால் அங்குலக் கனமும் 5 அடி நீளமும் உள்ள உருண்டைக் கடப்பாரையின் எடை 9 கிலோவுக்கு மேல் இருக்கும். 20 அடி உயரத்திலிருந்து அது ஒருவர்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

மோதல் என்ற அளவுக்குப் போகவேண்டியதுகூட இல்லை. ஓட்டுநர் ஒரு நாய்க்காகவோ, குறுக்கே வந்த சிறுவனுக்காகவோ பிரேக்கை அழுத்தி மிதித்தாலே தகரத்தின்மேல் கிடக்கும் இரும்பு வழுக்கிக்கொண்டு முன்னே ஓடும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அரிவாள் ஒரு முழம் துள்ளும். வளைவில் திரும்பும்போது மண்வெட்டிகள் ஒருபக்கமாகச் சரியும். பெட்டியின் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவரின் முழங்காலும் கணுக்காலும்தான் இத்தனைக்கும் இலக்காகின்றன.

வண்டியில் இருப்பவருக்கு மட்டுமே ஆபத்து என்று எண்ணவேண்டாம். பின்கதவைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு போகும் வண்டியிலிருந்து சாலையில் விழும் அரிவாளை, இருட்டில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் காணமாட்டார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தொரட்டிக் கம்பும் கடப்பாரையும் அவருடைய முகத்தின் உயரத்துக்கே சரியாக இருக்கும். இத்தகைய விபத்துகளைக் குறைப்பதற்காகவே, வண்டிக்கு வெளியே அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை நீண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வகுத்தது. சுமையை இறக்கும் செலவும் வண்டிக்காரரையே சேரும்.

ஆட்களும் கருவியும் ஒரே வண்டியிலா?

இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. சரக்கு ஏற்றும் வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டப்படி குற்றம். இது எல்லோரும் அறிந்ததே. அறிந்தும் செய்கிறோம். காரணமும் எல்லோருக்கும் தெரியும். விடியற்காலை 6 மணிக்கு வயலில் இறங்கவேண்டிய நடவு ஆட்களுக்கு அந்நேரத்தில் பேருந்து கிடையாது. இருந்தாலும் அது வயல்வரை வராது. அறுவடைக் காலத்தில் ஆள் கிடைப்பதே அருமையாக இருக்கும்போது, வண்டி வைத்து அழைத்துவந்தால்தான் வருவார்கள். இந்த நெருக்கடியை அறியாமல், 'ஏற்றாதீர்கள்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதில் பயனில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு இருக்கிறதே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-ல் செய்யப்பட்ட திருத்தம், சரக்கு வண்டியில் செல்லும் சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் மட்டுமே காப்பீட்டின் பயனை நீட்டித்தது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்லும் பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002-ல் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் நெல் மூட்டையோடு ஓட்டுநர் அறையில் நீங்கள் அமர்ந்து போவது வேறு. பெட்டியில் பதினைந்து பேர் உட்கார்ந்து போவது வேறு. பின்னதில் கால் போனாலும் உயிர் போனாலும் இழப்பீட்டுச் சுமை வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழக்கூடும். அவர் இரண்டு ஏக்கர் நிலமும் கடனில் வாங்கிய ஒரு வண்டியும் உடையவராக இருந்தால், பாதிக்கப்பட்ட குடும்பம் யாரிடம் எதைப் பெற முடியும்?

எனவே ஆட்களைப் பேருந்திலோ, வேனிலோ, உரிய உரிமம் பெற்ற பயணியர் ஆட்டோவிலோ அனுப்பிவிட்டு, கருவிகளை மட்டும் சுமை வண்டியில் அனுப்புவதே முறை. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கிய பிறகு, வேலைக்குச் செல்லும் பெண்கள் பலருக்குப் பேருந்து எளிதாயிற்று. ஆனால் கையில் மண்வெட்டியுடன் ஏறினால் நடத்துநரின் முகம் மாறிவிடுகிறது. நெரிசலில் அவர் கவலைப்படுவதும் நியாயமே. கருவி மட்டும் தனியே வண்டியில் வந்துவிடும் என்றால் இச்சிக்கலும் தீர்கிறது. ஒரே பகுதியில் வேலை செய்யும் நான்கைந்து உழவர்கள் சேர்ந்து, பொதுவாக ஒரு கருவிப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். அவரவர் கருவியை வயல் மோட்டார் அறையிலேயே பூட்டி வைப்பது அதனினும் எளிது. எடுத்துச் செல்லாத கருவியால் வழியில் விபத்து நேர வாய்ப்பே இல்லை.

கருவிப் பெட்டி

கருவிகளை அடிக்கடி வண்டியில் கொண்டு செல்பவர்கள் நிலையான கருவிப் பெட்டி ஒன்றைச் செய்துகொள்வது நலம். பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறையிலேயே இதைச் செய்துவிடலாம். கால் எங்கு வைக்கவேண்டும், கொக்கி எங்கு வரவேண்டும் என்பதை வண்டியையே பட்டறைக்குக் கொண்டுபோய் அளந்து செய்வது நல்லது. மனக்கணக்கில் சொல்லிச் செய்த பெட்டி ஓரங்குலம் நீண்டுபோய், மூலையில் மழைநீர் தேங்குவதற்கே பயன்படும்.

2005-ல் விற்பனைக்கு வந்த டாடா ஏஸ் போன்ற சிறு லாரிகளின் பெட்டி ஏறக்குறைய 7 அடி நீளமும் நாலே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. இதில் கருவிப் பெட்டியை ஓட்டுநர் அறைக்குப் பின்புறம், முன்பலகையை ஒட்டிக் குறுக்காக வைக்கவேண்டும். இதற்குக் காரணம் உண்டு. வண்டி திடீரென நிற்கும்போது கருவிகள் முன்னோக்கியே தள்ளும். பெட்டி முன்பலகையை ஒட்டியிருந்தால் தள்ளுவதற்கு இடம் இல்லை. பாய்வதற்கு ஓட்டமும் இல்லை. பின்கதவுப் பக்கம் வைத்தால் 5 அடி ஓடிவந்து இடிக்கும். ஏற்றி இறக்க எளிது என்று பலர் பின்பக்கம் வைக்கிறார்கள். அந்த எளிமைக்காக இந்த ஆபத்தை ஏற்பது தகாது.

பெட்டியின் உள்நீளம் நாலேகால் அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றேகால் அடி என்ற அளவு பெரும்பாலான பண்ணைக் கருவிகளுக்குப் போதும். சட்டம் ஆங்கிள் இரும்பிலும், பக்கங்கள் கனத்த தகட்டிலும் அமையட்டும். மூடிக்குக் கீல் முன்பலகைப் பக்கம் இருக்கவேண்டும். பூட்டுப் போடும் கொண்டி இரண்டு வைக்கவேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் மூடி அதிர்ந்து அதிர்ந்து ஒரு மாதத்தில் வளைந்துவிடும். அடித்தகட்டில் நான்கு மூலைகளிலும் விரல் நுழையாத அளவு துளைகள் இட்டால் நீர் வடியும். பெட்டியை வண்டியின் தரையோடு குறைந்தது நான்கு போல்ட்டுகளால் இறுக்கவேண்டும். போல்ட்டின் அடியில் அகன்ற வாஷர் போடத் தவறினால் தரைத் தகடே கிழிந்துவிடும். துளையிடும் முன் அடியில் எரிபொருள் குழாயோ, பிரேக் குழாயோ, மின்கம்பியோ செல்கிறதா என்று பாருங்கள்.

வாடகை வண்டியைப் பயன்படுத்துவோர் என்ன செய்வது? அவர்கள் இதே அளவில் பலகைப் பெட்டி ஒன்று செய்து, இருபக்கமும் கயிற்றுக் கைப்பிடி வைத்துக்கொள்ளலாம். ஏற்றியபின் முன்பலகையோடு சேர்த்து வண்டியின் கொக்கிகளில் கட்டிவிடவேண்டும். பெட்டி வெறுமனே இருந்தால் போதாது. கட்டாத பெட்டி, கட்டாத கருவியைவிடக் கனமானது.

எந்தக் கருவியை எப்படி வைப்பது?

மண்வெட்டியை ஊருக்கு ஊர் மம்பட்டி, மம்முட்டி என்று வெவ்வேறு பெயரால் அழைத்தாலும் அடுக்கும் முறை ஒன்றே. அதன் இலை காம்புக்குக் குறுக்காக வளைந்திருப்பதால், ஒன்றன் இலைக்குள் மற்றொன்றன் இலையை வைத்து, கவிழ்த்த கிண்ணங்களை அடுக்குவதுபோல் அடுக்கலாம். ஐந்து மண்வெட்டிகளை இவ்வாறு சேர்த்து, காம்பின் அடியிலும் நுனியிலும் கட்டினால் ஒரே கட்டாகிவிடும். கூர்முனைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் பழைய லாரி டியூபைப் பட்டையாக வெட்டி உறை போட்டால் போதும். ஐந்துக்கு ஐந்து உறை வேண்டியதில்லை.

கதிர் அரிவாள்தான் மிகத் தொல்லை தருவது. வளைந்த உடலும் ஊசி முனையும் உடையதால் எந்தச் சாக்கையும் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். சாக்கில் போட்ட அரிவாள் பத்திரமாக இருக்கிறது என்று எண்ணுவது பெரும் தவறு. சாக்கு அதை மறைக்கிறதே தவிரத் தடுப்பதில்லை. மறைந்த அரிவாள் கண்ணுக்குத் தெரியும் அரிவாளைவிடக் கெட்டது. 15 கிலோ எண்ணெய்த் தகரத்தின் மேல்மூடியை வெட்டி, வெட்டிய விளிம்பை உட்புறமாக மடித்துத் தட்டி, அடியில் நாலு விரல் கனத்துக்குத் தேங்காய் நார் பரப்பி, அரிவாள்களை முனை கீழாகவும் பிடி மேலாகவும் நிறுத்திவைத்தால் 15, 20 அரிவாள்கள் அடங்கும். இந்தத் தகரத்தைக் கருவிப் பெட்டியின் ஒரு மூலையில் அசையாமல் செருகிவிடவேண்டும். எடுக்கும்போது கை படுவது பிடியில் மட்டுமே. நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் பெண்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொள்வது வழக்கம். வரப்பில் நடக்கும்போது அது சரியாக இருக்கலாம். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் இடுப்பில் அரிவாள் இருக்கலாகாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கரும்பு வெட்டும் கத்தி, வெட்டரிவாள் ஆகியவற்றுக்குத் தனித்தனி உறை அவசியம். அலகின் அகலத்துக்கேற்ற பி.வி.சி. குழாய்த் துண்டை வெந்நீரில் வாட்டித் தட்டையாக்கி, ஒரு முனையை மடித்துத் திருகாணி போட்டால் நல்ல உறை கிடைக்கும். பனைமட்டை உறையும் பழுதில்லை. நம் முன்னோர் அதைத்தான் பயன்படுத்தினர். மழையில் ஊறிய மட்டையை மட்டும் காயவைக்காமல் பயன்படுத்தக் கூடாது. கைரம்பத்தின் பல்லுக்குப் பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறிச் செருகிவிடலாம். ஒரு நிமிட வேலை. கோடரிக்கு அலகின்மேல் தோல் அல்லது டயர்த் துண்டைச் சுற்றிக் கம்பியால் கட்டவேண்டும். கோடரியின் தலை ஆடுகிறதா என்று ஏற்றுமுன் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஆடும் தலை வண்டியின் அதிர்ச்சியில் கழன்றுவிடும். அல்லது கழலும் நிலைக்கு வந்து, வயலில் முதல் வீச்சில் பறக்கும்.

கடப்பாரை குறுக்காக அடங்காது. அதைப் பெட்டிக்குள் வைக்க முயலவும் வேண்டாம். 2 அங்குல இரும்புக் குழாயில் ஐந்தரை அடித் துண்டை எடுத்து, முன்முனையை வெல்டிங் செய்து அடைத்து, வண்டியின் பக்கப் பலகையின் உட்புறத்தில் தரையை ஒட்டி மூன்று இடங்களில் பட்டையால் இறுக்கவேண்டும். பின்முனையில் எதிரெதிராக இரண்டு துளையிட்டு, கடப்பாரையைச் செருகியபின் ஒரு முளையைக் குறுக்கே போட்டு, அம்முளையைச் சங்கிலியால் குழாயோடு பிணைத்துவிடவேண்டும். சங்கிலி இல்லாத முளை மூன்றாம் நாள் காணாமற்போகும். அடைத்த முனையின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை வைக்க மறக்கலாகாது. பிக்காசு, களைக்கொத்து முதலியன பெட்டியின் அடியில் படுக்கையாகக் கிடக்கட்டும். தொரட்டி, அலக்கு ஆகிய நீளக் கம்புகளின் அரிவாளைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கம்பை மட்டும் பக்கப் பலகையோடு கட்டலாம். கழற்ற முடியாதபடி அடித்துப் பொருத்தியிருந்தால், திருகாணியால் கழற்றும் வகையில் கொல்லரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். கம்பு வண்டியைவிட நீளமாயின் இரண்டு துண்டாகச் செய்து குழாய் இணைப்புப் போடுவதே சரி.

புல்வெட்டும் இயந்திரம், மோட்டார் ரம்பம் ஆகியவற்றை வைத்திருப்போர் அலகுக்குரிய காப்பு உறையைப் போட்டு, எரிபொருள் மூடியை இறுக்கி, நிமிர்த்தி நிறுத்திக் கட்டவேண்டும். வேலை முடிந்த சூட்டோடு நார், சாக்கு ஆகியவற்றின்மேல் வைக்கக் கூடாது.

கட்டும் கயிறு

தேங்காய் நார்க் கயிறு முடிச்சில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெயிலிலும் மழையிலும் விரைவில் இற்றுவிடும். நைலான் கயிறு வலுவானது; முடிச்சு வழுக்கும். ஆகவே ஒரு சுற்றுக் கூடுதலாகப் போட்டு முடியவேண்டும். இறுக்கிப் பிடிக்கும் ராட்செட் பட்டை இப்போது எல்லா லாரி உதிரிப்பாகக் கடைகளிலும் கிடைக்கிறது; அதுவே சிறந்தது. டியூப் ரப்பரை வெட்டிக் கட்டுவது நம்மிடையே பெருவழக்கு. ரப்பர் நீளும். நீளும் பொருள் அதிர்ச்சியில் கருவியை விட்டுக்கொடுத்து, பிறகு சுண்டி இழுக்கும். உறைக்கு ரப்பர் நல்லது, கட்டுக்கு ஆகாது. கயிறு கருவியின் கூரிய விளிம்பில் உராய்ந்தால் 10 கிலோமீட்டருக்குள் அறுந்துவிடும் என்பதால், உராயும் இடத்தில் சாக்குத் துண்டு வைத்துக் கட்டுங்கள். கயிற்றின் மறுமுனையை வண்டியின் உடலில் உள்ள கொக்கியில் கட்டவேண்டுமே தவிர, பின்கதவின் கொண்டியில் கட்டலாகாது.

டிராக்டர் பெட்டியில் கவனிக்கவேண்டியது

டிராக்டர் பெட்டியில் ஒரு தனித் தொல்லை உண்டு. எரு, மண், கரும்புத்தோகை ஆகியவற்றைக் கொட்டுவதற்காகப் பெட்டியின் முன்புறத்தைத் தூக்கும்போது உள்ளே கிடக்கும் கருவிகளும் சேர்ந்து பின்னால் வழுக்கி வரும். கொட்டும் இடத்தில் எருவை இழுத்துவிட ஒருவர் நின்றுகொண்டிருப்பார். எருவோடு எருவாகக் கடப்பாரை வருவதை அவர் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே தூக்கும் பெட்டிக்குள் கருவியே வைக்கக் கூடாது. பெட்டியின் முன்னால், இழுவைச் சட்டத்தின்மேல் சிறு இரும்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தினால் பெட்டி எழும்பும்போது அது அசையாது. திரும்பும்போது டிராக்டரின் பின்சக்கரம் அதில் உரசாதவாறு இடைவெளி விடவேண்டும்.

டிராக்டரின் சக்கரக் காப்பின்மேல் மண்வெட்டியைக் குறுக்கே போட்டுக்கொண்டு, அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து வருவதும் நாள்தோறும் காணும் காட்சி. காப்பிலிருந்து வழுக்கும் கருவி விழுவது பின்சக்கரத்தின் முன். அதைப் பிடிக்கக் குனிகிறவர் விழுவதும் அங்கேதான்.

ஓட்டுநர் அறையில் கூடாதவை

ஜாக்கிக் கம்பி, ஸ்பானர், அரிவாள், தண்ணீர் பாட்டில் இவற்றை ஓட்டுநரின் காலடியில் அல்லது இருக்கையின் அடியில் போட்டு வைப்பது உயிருக்கு உலை வைக்கும் பழக்கம். இறக்கத்தில் அவை உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் சென்றுவிட்டால் மிதி கீழே போகாது. ஓட்டுநர் எத்தனை திறமைசாலியாக இருந்தும் பயனில்லை. வண்டியின் சொந்தக் கருவிகளையும் ஒரு பையில் போட்டு, கருவிப் பெட்டியிலேயே ஓர் அறையில் வையுங்கள்.

மருந்து, எரிபொருள், உணவு

பூச்சிமருந்து டப்பாவையும் சாப்பாட்டுத் தூக்கையும் மண்வெட்டியையும் ஒரே மூலையில் வைப்பது வழக்கமாகிவிட்டது. கருவியின் முனை மருந்து டப்பாவைக் குத்தினால் கசிவது கண்ணுக்குத் தெரியாது. 1958-ல் கேரளத்தில் நடந்ததை இங்கு நினைவூட்டுவது பொருந்தும். கப்பலில் உணவுப் பொருள்களோடு சேர்த்து ஏற்றிவந்த பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கசிந்து கோதுமை மாவில் கலந்தது. அம்மாவை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதைத் தொடர்ந்த விசாரணைகளின் விளைவாகவே 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. உணவு, கால்நடைத் தீவனம் ஆகியவற்றோடு ஒட்டும்படியாகப் பூச்சிமருந்தை ஏற்றிச் செல்லலாகாது என்பது 1971-ல் வந்த விதிகளில் இடம்பெற்றது. கப்பலுக்கு ஒரு நீதி, குட்டி யானைக்கு ஒரு நீதி என்று இல்லை. மருந்தை மூடியுள்ள தனி வாளியில் நிமிர்த்தி வைத்து, பெட்டிக்கு வெளியே பின்மூலையில் கட்டுங்கள். சாப்பாட்டை ஓட்டுநர் அறையில் வையுங்கள். பெட்ரோலை இரும்புக் கலனில் மட்டும் கொண்டுசெல்லவேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றினால் தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

எண்ணி ஏற்றி எண்ணி இறக்குதல்

பெட்டி மூடியின் உட்புறத்தில் எந்தக் கருவி எத்தனை என்று பெயின்ட்டால் எழுதிவையுங்கள். காம்புகளில் உங்கள் பண்ணைக்கென ஒரு நிறத்தில் வளையம் தீட்டுங்கள். மாலையில் ஓர் அரிவாள் குறைந்தால் அது ஒன்று வயலில் கிடக்கிறது. அல்லது சாலையில் கிடக்கிறது. வயலில் கிடப்பதை மறுநாள் அறுவடை இயந்திரத்தின் பல்லோ, வெறுங்காலோ கண்டுபிடிக்கும். தேடி எடுக்காமல் கிளம்ப வேண்டாம். ஏற்றும்போது ஒருவர் மேலும் ஒருவர் கீழும் நின்று, காம்பை முன்நீட்டிக் கொடுக்கவேண்டும். வாங்கியவர் 'பிடித்துவிட்டேன்' என்று சொன்ன பிறகே கொடுத்தவர் கையை விடவேண்டும். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறுவதை எவருக்கும் அனுமதிக்காதீர்கள்.

காயம் பட்டுவிட்டால்

வெட்டுக் காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். துணி நனைந்தால் எடுக்காமல் அதன்மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல், மண் எதையும் அப்பக் கூடாது. கருவி உடலில் ஆழமாகக் குத்தி நின்றுவிட்டால் பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் அதுவரை அடைபட்டிருந்த இரத்தம் பீறிடும். கருவி அசையாதபடி இருபுறமும் துணி உருட்டி வைத்துக் கட்டி, 108 வண்டியை அழைக்கவேண்டும்.

துருப்பிடித்த கருவி குத்தினால்தான் இரணஜன்னி வரும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அந்நோய்க் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. மின்னும் புது அரிவாளில் வயல் மண் ஒட்டியிருந்தாலும் போதும். குறுகி ஆழமான குத்துக் காயத்தில் காற்றுப் புகாததால் கிருமி செழித்து வளரும். ஆகவே சிறு குத்துதானே என்று விடாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும். கடைசியாகத் தடுப்பூசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தால் மண்பட்ட காயத்துக்கு மீண்டும் போடுவது மருத்துவ முறை. எப்போது போட்டது என்று பலருக்கு நினைவிருப்பதில்லை. அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெட்டியைப் பராமரித்தல்

மூடிய பெட்டியில் ஈரக் கருவியை வைத்தால் ஒரே வாரத்தில் துருவேறும். வயலிலேயே வாய்க்கால் நீரில் கழுவி, துடைத்து, பிறகு பெட்டியில் வையுங்கள். அலகுக்கு வேப்பெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு துணியால் மெல்லத் தடவலாம். காம்பில் எண்ணெய் படக் கூடாது. வேலை செய்யும்போது கை வழுக்கும். கழித்த எஞ்சின் எண்ணெயைக் கடப்பாரை, பிக்காசு போன்றவற்றுக்குப் பூசலாம். கதிரையும் காயையும் அறுக்கும் கருவிகளுக்கு வேண்டாம். கருவேலங் காம்புகள் கோடையில் சுருங்கித் தலை தளரும். அவற்றை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து இறுக்குவது ஒரு நாளைக்குத்தான் நிற்கும். ஆப்பு மாற்றுவதே சரியான வழி.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்திலேயே பெட்டியை முழுவதும் காலிசெய்து, அடித்தகட்டின் துளைகளில் அடைத்துள்ள சேற்றைக் குத்தி எடுத்து, நான்கு போல்ட்டுகளையும் ஸ்பானரால் இறுக்கிப் பாருங்கள். கரடுமுரடான சாலையில் ஓடும் வண்டியில் போல்ட்டு தளர்வது இயல்பு. அரிவாள் தகரத்தின் அடியில் உள்ள தேங்காய் நாரையும் அப்போதே மாற்றிவிடலாம்.